பொங்கி வழியும் பீர்: நுரை ஒரு தொல்லை, சூடு இன்னொரு தொல்லை

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பேசிக்கொள்ளும் இடங்களில் வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருவார்: "ராத்திரி மூடி பறந்துபோயிருக்கு, சுவரெல்லாம் பழுப்பு நுரை, பீர் போச்சா?" உடனே இரண்டு விதமான பதில்கள் வரும். கிருமி புகுந்துவிட்டது, கொட்டிவிடு என்பது ஒன்று. ஈஸ்ட் சூப்பராக வேலை செய்கிறது, கொண்டாடு என்பது இன்னொன்று.

இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். பொங்கி வழிந்ததை வைத்து மட்டும் பீர் கெட்டது என்றும் சொல்ல முடியாது, நன்றாக வந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அதிவேக நொதித்தல் என்று ஒரே பெயரில் சொல்லப்படுவதற்குள் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்று நுரையும் அழுத்தமும். அது தரையையும் கூரையையும் நாசமாக்கும், சில சமயம் ஆளையும் காயப்படுத்தும். மற்றொன்று சூடு. அது சத்தமில்லாமல் பீரின் சுவையைக் கெடுக்கும். பெரும்பாலானோர் முதலாவதைத் துடைத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று படுக்கப் போய்விடுகிறார்கள்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வரி. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டு பீருக்கும் அது பொருந்தும். பிரிட்டனில் 1963-லிருந்து உரிமம் இல்லாமலே காய்ச்சலாம். அமெரிக்காவில் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. சிங்கப்பூரிலும் வீட்டுக்கு இவ்வளவு என்ற வரம்புக்குள் அனுமதி உண்டு. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட இடங்களில் இருந்து புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு.

இட்லி மாவு வரை ஒன்றுதான்

வெயில் காலத்தில் இட்லி மாவைப் பாத்திரத்தின் விளிம்பு வரை கரைத்து வைத்தால் காலையில் மேடை முழுக்க மாவு. மாவிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையைத் தின்று வாயுவை வெளிவிடுகின்றன. உளுந்தின் புரதமும் கொழகொழப்பும் அந்த வாயுவைச் சின்னச் சின்னக் குமிழிகளாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வாயு மட்டும் இருந்தால் மாவு பொங்காது, பிடித்து வைக்கும் பொருளும் வேண்டும். வெறும் அரிசி மாவு உளுந்து சேர்ந்த மாவைப்போல் எழும்பாததற்குக் காரணம் அதுதான்.

பீரிலும் இதே கதை. முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து ஆறவிடுகிறோம். ஈஸ்ட் போடத் தயாராக இருக்கும் அந்தச் சாறுதான் வார்ட். ஈஸ்ட் வார்ட்டிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. மால்ட்டின் புரதம், ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள், மேலே மிதந்து வரும் ஈஸ்ட் மூன்றும் சேர்ந்து குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. திரவத்தின் மேல் தொப்பிபோல் எழும் இந்த நுரைக்கு ஜெர்மன் பெயரே எங்கும் வழங்குகிறது: குரோய்சன்.

ஒப்பீடு இத்தோடு சரி. மாவுப் பாத்திரத்தின் மூடி சும்மா மேலே கிடப்பது, தள்ளினால் நகரும். பீர்ப் பாத்திரத்தை நாம் இறுக்கி அடைக்கிறோம். அது ஒரு வித்தியாசம். மாவை அதன் பிறகு வேகவைக்கிறோம். பீரில் நொதித்தலின்போது உருவான சுவையைப் பின்னால் சரிசெய்ய அடுப்பு கிடையாது. அது இரண்டாவது வித்தியாசம். நம் இரண்டு பிரச்சினைகளும் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

எவ்வளவு வாயு?

புதியவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வீட்டில் காய்ச்சுவோரின் வழக்கமான அளவு 19 லிட்டர், அதாவது 5 அமெரிக்க கேலன். சுமார் 5 சதவீத ஆல்கஹால் வரும் சாதாரண பீர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஈஸ்ட் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமான சர்க்கரையைத் தின்கிறது. தின்ற சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது, கிட்டத்தட்ட முக்கால் கிலோ. அறை வெப்பநிலையில் இது 400 லிட்டர் வாயு.

பாத்திரத்தில் வார்ட்டுக்கு மேல் காலியாக இருக்கும் இடமோ நாலைந்து லிட்டர்தான். 400 லிட்டரும் அந்த இடத்தைக் கடந்து வெளியேற வேண்டும், அதுவும் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாளிலேயே. ஈஸ்ட் போட்ட முதல் சில மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அப்போது அது பெருகிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் நாள் வாக்கில் உச்சம். அதனால்தான் இந்த விபத்துகள் பெரும்பாலும் முதலிரண்டு இரவுகளில் நடக்கின்றன.

எல்லா பீரும் ஒரே அளவு பொங்காது. ஜெர்மனியின் பவேரியா பகுதிக் கோதுமை பீரான ஹெஃபவைசன் இதில் பேர்போனது. அதில் மால்ட்டில் பாதியாவது கோதுமை இருக்க வேண்டும், கோதுமையில் புரதம் அதிகம்; அதற்குப் போடும் ஈஸ்ட்டும் நுரையின் மேலேறி உட்காரும் இனம். சர்க்கரை அதிகமுள்ள, ஸ்டவுட் எனப்படும் கனமான கரிய பீர் வகைகளும் அப்படியே. குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் பீரில் ஈஸ்ட் அடியில் தங்கும், நுரையும் அடக்கமாக இருக்கும். முதல் முறையே ஹெஃபவைசன் காய்ச்சப்போகிறவர்கள் அடுத்த பகுதியைக் கவனமாகப் படிக்கவும்.

இதுவரை பார்த்தது: வாயு வருவது சர்க்கரையால், அது நுரையாக நிற்பது புரதத்தால். இரண்டும் அதிகமானால் பொங்கும். கிருமிக்கு இதில் வேலையே இல்லை.

அடைப்புதான் ஆபத்து

பாத்திரத்தின் வாயில் செருகும் சிறிய பிளாஸ்டிக் கருவி ஏர்லாக். உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வாயு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. வாயுவுக்கு இது போதும். நுரை ஏறினால்தான் சிக்கல். ஏர்லாக்கின் தண்டு ஒரு சென்டிமீட்டர்கூட அகலம் இருக்காது. நுரையோடு வரும் ஹாப்ஸ் துகளும் பிசுபிசுத்த பழுப்புக் கசடும் அதில் போய் அடைத்துக்கொள்ளும். ஈஸ்ட்டுக்கு அடைப்பு பற்றித் தெரியாது, அது வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

அழுத்தம் ஏறி, எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். பிளாஸ்டிக் வாளியில் காய்ச்சினால் மூடி பிதுங்கித் திறக்கும் அல்லது ஏர்லாக் தெறிக்கும். சுத்தம் செய்யும் வேலையோடு போய்விடும். கார்பாய் எனப்படும் குறுகிய வாய்க் கண்ணாடி ஜாடியில் ரப்பர் அடைப்பான் இறுகிப் பிடித்துக்கொண்டால் கதையே வேறு. அந்த ஜாடிகள் உள்ளழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 19 லிட்டரோடு கண்ணாடி உடைந்தால் துடைப்பத்தோடு முடியாது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: கண்ணாடி வேண்டாம், உணவுத்தரப் பிளாஸ்டிக்கில் அகல வாய்ப் பாத்திரமாக வாங்குங்கள்.

தடுப்பதற்கு முதல் வழி இடம் விடுவது. 19 லிட்டர் வார்ட்டுக்கு 25 லிட்டர் பாத்திரம் என்பது நல்ல கணக்கு. ஹெஃபவைசனுக்கு இன்னும் பெரிதானாலும் தவறில்லை.

இரண்டாவது, ஏர்லாக்குக்குப் பதிலாக அகலமான குழாய். இதை ப்ளோ-ஆஃப் குழாய் என்பார்கள். ஒரு முனை பாத்திரத்தின் வாயில், மறுமுனை கிருமிநாசினி கலந்த தண்ணீர் உள்ள ஒரு சின்ன வாளியில் மூழ்கியிருக்கும். வாயுவும் நுரையும் குழாய் வழியாக வாளிக்குப் போய்விடும். குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. கார்பாயின் வாய்க்குள் நேராகப் பொருந்தும் 3 சென்டிமீட்டர் குழாய் சிறந்தது. ஏர்லாக் துளையில் விரல் தடிமன்கூட இல்லாத குழாயைச் செருகினால் அடைப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. வாளியைப் பாத்திரத்தைவிடத் தாழ்வாக வையுங்கள். பீர் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வாளித் தண்ணீர் மேலேறி பீருக்குள் வர வாய்ப்பு உண்டு. வீரியம் அடங்கியதும், பொதுவாக மூன்று நான்கு நாளில், குழாயை எடுத்துவிட்டு ஏர்லாக்கைப் போட்டுவிடலாம்.

இதில் புதுமை எதுவும் இல்லை. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே மரப் பீப்பாய்களை வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றின் மேலும் வளைந்த குழாய் பொருத்தி, பொங்கும் நுரையை மேலே உள்ள நீளத் தொட்டிக்கு ஏற்றினார்கள். ஈஸ்ட் தொட்டியில் தங்கும், தெளிந்த பீர் திரும்பிப் பீப்பாய்க்குள் இறங்கும். பர்ட்டன் யூனியன் என்று பெயர். மார்ஸ்டன்ஸ் ஆலை 2024 வரை அதை ஓட்டியது. அவர்களுக்குப் பொங்குவது எரிச்சலாக இல்லை. அடுத்த தடவைக்கு வேண்டிய ஈஸ்ட் அந்த நுரையில்தான் கிடைத்தது.

மூன்றாவது வழி நுரையையே உடைக்கும் சொட்டு மருந்து. சிமெதிகோன் என்ற சிலிகோன் பொருள்தான் அது. வயிற்று உப்புசத்துக்கான மருந்துகளில் இருப்பதும் இதேதான், செய்யும் வேலையும் அதேதான்: குமிழிச் சுவர்களைப் பலவீனமாக்கிச் சேர்த்து உடைக்கும். பீர் காய்ச்சுவதற்கென்றே விற்கும் சொட்டுகளைச் சில துளி விட்டால் போதும், கடைசியில் ஈஸ்ட்டோடு அடியில் படிந்துவிடும். குழந்தைகளுக்கான சொட்டு மருந்தைப் போடுகிறவர்களும் உண்டு; அதில் இனிப்பும் வாசனையும் கலந்திருக்கும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை. எப்படியும் இது குழாய்க்குத் துணைதான், மாற்று இல்லை.

ஏற்கனவே அடைத்துக்கொண்டிருந்தால்

ஏர்லாக்கில் குமிழி நின்றுபோய், உள்ளே பழுப்புக் கசடு தெரிந்து, மூடி மேல்நோக்கி உப்பியிருந்தால் அது அடைப்பு. முகத்தை நேராக மேலே கொண்டுபோகாதீர்கள். கனமான துண்டு ஒன்றைப் பாத்திரத்தின் வாய்மேல் போர்த்தி, அதன் மேலாகவே அடைப்பானை மெல்லத் திருகித் தளர்த்துங்கள். 'புஸ்' என்ற சத்தம் அடங்கும் வரை துண்டை எடுக்க வேண்டாம்.

அப்புறம் குழாய் இருந்தால் கிருமிநாசினியில் நனைத்துப் பொருத்தலாம். நடு ராத்திரியில் குழாய்க்கு எங்கே போவது? அலுமினியத் தாளைக் கிருமிநாசினியில் நனைத்து வாயின் மேல் தளர்வாக மூடினாலே போதும். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது வாயு இடைவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் தூசியோ கிருமியோ உள்ளே இறங்குவது கடினம். மூடி சில மணி நேரம் திறந்து கிடந்தது என்பதற்காக ஒரு பீரைக் கொட்டத் தேவையில்லை. வழிந்துபோன நுரையில் கசப்புக் கசடும் கொஞ்சம் ஈஸ்ட்டும் போயிருக்கும். உள்ளே போதுமான ஈஸ்ட் இருக்கிறது.

சுவரில் காய்ந்த நுரையைச் சுரண்டாதீர்கள், பெயின்ட் வந்துவிடும். வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒட்டி வைத்தால் ஊறிக் கழன்றுவிடும். இன்னொன்று: 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு அறைக்குள்தான் வருகிறது. ஜன்னல் இல்லாத சின்னச் சாமான் அறையில் வைத்திருந்தால் கதவைத் திறந்தே வையுங்கள்.

நுரை விஷயம் இவ்வளவுதான்: வாயுவுக்கு அகலமான வழி விட்டால் முடிந்தது. வெறும் குழாய் வேலைதான். பீர் எப்படி இருக்கும் என்பதை இது தீர்மானிப்பதில்லை.

சூடு: கண்ணுக்குத் தெரியாத பாதி

ஈஸ்ட் சர்க்கரையை உடைக்கும்போது வெப்பமும் வெளியாகிறது. நம் 19 லிட்டர் பீரில் வெளியாகும் மொத்த வெப்பமும் வெளியே போகாமல் உள்ளேயே தங்கினால், பீரின் வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் ஏறும். நடைமுறையில் பாத்திரத்தின் சுவர் வழியாகப் பெரும்பகுதி கசிந்துவிடும் என்றாலும், உச்ச நேரத்தில் அறையைவிட பீர் 3 முதல் 5 டிகிரி சூடாக இருப்பது சகஜம்.

இது தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் சுழற்சி. சூடு ஏறினால் ஈஸ்ட் வேகமாகத் தின்னும். வேகமாகத் தின்றால் சூடு இன்னும் ஏறும். அறை 23 டிகிரியில் வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் பீர் 27-ல் ஓடிக்கொண்டிருக்கும். லாகரைப்போல் குளிரில் அல்லாமல் சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர்தான் ஏல்; அதன் ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவை 18 முதல் 20 டிகிரிக்குள் நல்ல சுவை தருபவை.

அதற்கு மேல் போனால் என்ன ஆகும்? ஈஸ்ட் ஆல்கஹாலை மட்டும் உருவாக்குவதில்லை, வாசனைப் பொருள்களையும் உருவாக்குகிறது. எஸ்டர்கள் பழ வாசனை தருபவை. ஹெஃபவைசனில் வரும் வாழைப்பழ வாசனை ஓர் எஸ்டர்தான். கூடவே கிராம்பு வாசனையும் சேர்ந்து இரண்டும் சமமாக நிற்பதுதான் அந்த பீரின் அழகு. சூட்டில் ஓடினால் வாழைப்பழம் முன்னால் வந்து கிராம்பை மறைத்துவிடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஃப்யூசல் ஆல்கஹால்கள், அதாவது சாதாரண ஆல்கஹாலைவிடக் கனமான மூலக்கூறுகள். இவை அதிகமானால் பீரில் பெயின்ட் தின்னர் வாடை அடிக்கும், தொண்டையில் எரியும். எத்தனை மாதம் வைத்திருந்தாலும் எளிதில் போகாது.

இந்தப் பொருள்கள் பெரும்பாலும் ஈஸ்ட் பெருகும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே உருவாகிவிடுகின்றன. பொங்கி வழிந்ததைப் பார்த்து மூன்றாம் நாள் பாத்திரத்தைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுகிறவர், வாசனை முடிவான பிறகு மாற்றுகிறார். அது வீண் வேலை மட்டுமல்ல, கெடுதலும்கூட. ஈஸ்ட் தான் விட்டுவைத்த வெண்ணெய் வாடை போன்றவற்றைத் தானே திரும்ப உறிஞ்சிச் சுத்தம் செய்யும் கட்டம் அது. திடீரென்று குளிரவைத்தால் வேலையைப் பாதியில் விட்டு அடியில் படுத்துவிடும். ஆகவே முதல் மூன்று நாள் குளுமை, பிறகு இரண்டு மூன்று டிகிரி ஏறினால் நல்லது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எப்படித் தணிப்பது?

தொடக்கத்திலேயே தணிவாக வையுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். வார்ட் 25 டிகிரிக்கு ஆறியதும் பொறுமையில்லாமல் ஈஸ்ட்டைப் போடுவதுதான் பெரும்பாலான சூட்டுப் பிரச்சினைகளின் ஆரம்பம். 17 டிகிரிக்கு இறங்கும் வரை காத்திருந்து போட்டால், அது தானாக 19, 20-க்கு ஏறி நிற்கும்.

பழைய குளிர்சாதனப் பெட்டியும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். கருவியின் உணரியைப் பெட்டிக்குள் சும்மா தொங்கவிடாதீர்கள், அது காற்றைத்தான் அளக்கும். திரவ மட்டத்துக்குக் கீழே பாத்திரத்தின் வெளிச்சுவரில் உணரியைப் பதித்து, அதன் மேல் மடித்த துணியோ குமிழித் தாளோ வைத்து டேப்பால் இறுக ஒட்டுங்கள். அப்போதுதான் அது பீரின் வெப்பநிலையைச் சொல்லும். இரண்டு முறையிலும் அளந்து பார்த்தால் வித்தியாசம் புரியும்.

பெட்டி இல்லாதவர்கள் அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் பாத்திரத்தை வைக்கலாம். ஒரு பழைய டி-சர்ட்டைப் பாத்திரத்துக்கு மாட்டி, அதன் ஓரம் தண்ணீரில் தொடும்படி விட்டு, மின்விசிறியைத் திருப்பிவிட்டால் தண்ணீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று உலர்ந்த ஊரில் இது அருமையாக வேலை செய்யும். சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்றில் ஆவியாவதே குறைவு, அங்கே உறைந்த தண்ணீர் பாட்டில்களைத்தான் நம்ப வேண்டும். ஒரு லிட்டர் பனிக்கட்டி உருகும்போது சுமார் 330 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். 19 லிட்டர் பீரை 4 டிகிரி இறக்க ஏறக்குறைய அவ்வளவு போதும். தொட்டித் தண்ணீரும் அதில் பங்கு கேட்கும் என்பதால் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஈஸ்ட்டைக் குறைத்துப் போட்டால் சாந்தமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். குறைந்த ஈஸ்ட் அதிகமாகப் பெருக வேண்டியிருக்கும், பெருகும்போதுதான் வேண்டாத வாசனைகள் அதிகம் வரும். பாக்கெட்டில் சொன்ன அளவு போடுங்கள்.

அறையைக் குளிர்விக்க வழியே இல்லாதவர்களுக்கு க்வைக் இருக்கிறது. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஈஸ்ட் இது. வோஸ் பகுதியின் க்வைக் 35 டிகிரியைத் தாண்டியும் தின்னர் வாடை இல்லாமல் நொதிக்கும். சூட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அது ஓடும் வேகத்துக்கு நுரைப் பிரச்சினை அப்படியே இருக்கும், அகலக் குழாய் கட்டாயம். இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

குமிழி நின்றால் முடிந்ததா?

வேகமாகப் பொங்கிய பீர் சட்டென்று அமைதியாகிவிடும். மூன்றாம் நாளே குமிழி நிற்கிறது, முடிந்துவிட்டது என்று பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். மூடியின் ஓரத்தில் சின்னக் கசிவு இருந்தாலும் ஏர்லாக்கில் குமிழி வராது. அறை வெப்பநிலை மாறினால் நொதித்தலே இல்லாமலும் குமிழி வரும். குமிழியை எண்ணிப் பயனில்லை.

திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி ஹைட்ரோமீட்டர். சர்க்கரை குறையக் குறைய அது கீழே இறங்கும், காட்டும் எண்ணும் வெறும் தண்ணீரின் 1.000-ஐ நோக்கிக் குறையும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால்தான் முடிந்தது. உதாரணமாக 1.016 காட்டும்போது அடைத்து, அது உண்மையில் 1.012-க்கு இறங்க வேண்டிய பீராக இருந்தால், பீர் நுரைக்க வேண்டும் என்று பாட்டிலில் அடைக்கும்போது போடும் சர்க்கரையிலிருந்து வருவதற்கு இணையான வாயு, அல்லது அதைவிடவும் அதிகமாக, பாட்டிலுக்குள் கூடுதலாகச் சேரும். சாதாரண பீர் பாட்டில் அதைத் தாங்கும் என்று எண்ண வேண்டாம். அப்படி அவசரத்தில் ஏற்கனவே அடைத்துவிட்டவர்கள் பாட்டில்களைக் கனமான மூடியுள்ள பெட்டியில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். கையில் கனத்த கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கட்டும்.